பாடும் பெட்டியும் பயிலும் பிள்ளையும்

தொண்டை நாடும் நடுநாடும் ஒன்றையொன்று தழுவிக் கிடக்கும் பகுதியில் திண்டிவனம், விழுப்புரம் என்னும் இரு நகரங்கள் உள்ளன. இரண்டிற்கும் இடையே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவு. விழுப்புரம் இருப்புப்பாதைகள் பல வந்து கூடும் இடம். திண்டிவனம் சாலைகள் பல வந்து கூடும் இடம். அவ்வழியே விரைந்து செல்வோர் பலரும் அறியாத பழம்பெருமை ஒன்று இந்நிலத்திற்கு உண்டு. சங்க காலத்தில் திண்டிவனத்தைச் சூழ்ந்த நாடு ஓய்மாநாடு எனப் பெயர் பெற்றிருந்தது. நல்லியக்கோடன் என்பான் அதனை ஆண்டான். அவனுடைய ஊர்களுள் ஒன்றாகிய கிடங்கில் இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதி. மற்றொன்றாகிய எயிற்பட்டினத்தைக் கடற்கரையிலுள்ள மரக்காணம் என்று ஆராய்ச்சியாளர் கருதுவர். சிறிய யாழோடு வறுமையும் உடன்வர வந்த பாணரை அம்மன்னன் வரவேற்று விருந்தளித்த செய்தியை நத்தத்தனார் இயற்றிய சிறுபாணாற்றுப்படை விரித்துரைக்கின்றது.

பாணர் ஏட்டைச் சுமந்தவர் அல்லர், பாட்டைச் சுமந்தவர். அவர் ஓர் ஊரில் பாடியது, கேட்டோர் நெஞ்சில் தங்கி, அவர் சென்ற பின்னும் அவ்வூரில் வாழ்ந்தது. எழுத்தறியாதவனும் பாட்டை அறிவான். இச்சிறிய உண்மை பல நூற்றாண்டுகளுக்குப் பின், கடல் கடந்த ஒரு நாட்டில், தொலைக்காட்சிப் பெட்டியின் வழியே பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்க முனைந்தோருக்குக் கைகொடுத்தது. அக்கதையைக் கூறுமுன், நம் ஊர்ப் பிள்ளைகள் அப்பெட்டியையே நம்பியிருக்க நேர்ந்த காலத்தைச் சற்று நினைவுகூர்வோம்.

2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொரோனாப் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பெற்றன. ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு அவை மீண்டும் திறக்கப்பெற்ற நாள் 2021 நவம்பர் 1 ஆகும். இடையே கழிந்தவை பத்தொன்பது திங்கள்! அக்காலத்தில் முதல் வகுப்பிற் சேர்ந்த பிள்ளை, கரும்பலகையின் முன் ஒரு நாளும் அமராமலே இரண்டாம் வகுப்பு மாணவன் ஆனான். வசதி படைத்தோர் வீட்டுப் பிள்ளைகள் கணினியிலும் கைப்பேசியிலும் ஆசிரியரைக் கண்டனர். வயல் வேலைக்கும் செங்கற் சூளைக்கும் செல்லும் பெற்றோரின் கைப்பேசியோ, அவர் மடியிலிருந்து அவரோடே வேலைக்குச் சென்றது. வீட்டில் எஞ்சி நின்றது தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றே. 2006-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டு அரசு ஏழையர் இல்லங்களுக்கு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியை விலையின்றி வழங்கியிருந்ததனால், கூரை வீட்டிலும் அதற்கோர் இடம் இருந்தது. 2019 ஆகஸ்டு 26-ஆம் நாள் தொடங்கப்பெற்றிருந்த கல்வித் தொலைக்காட்சி, வகுப்புதோறும் காலம் வகுத்துப் பாடங்களை ஒளிபரப்பியது. பள்ளி இல்லாத நாட்களில் அது செய்த உதவி சிறிதன்று.

ஆயினும், அப்பெட்டியின் முன் அமர்ந்திருக்கும் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியை மனக்கண்ணாற் காண்போம். திரையில் தோன்றும் ஆசிரியை தெளிவாகவே கற்பிக்கின்றார். பின்பு, “புரிந்ததா?” என்று அன்போடு வினவுகின்றார். “இல்லை” என்கிறாள் சிறுமி. “மிக நன்று” என்று கூறிவிட்டு ஆசிரியை அடுத்த பகுதிக்குச் சென்றுவிடுகின்றார். இஃது ஆசிரியையின் குற்றம் அன்று. பாடத்தின் குற்றமும் அன்று. பெட்டிக்கு வாய் உண்டு, செவி இல்லை. செவியில்லாத ஒன்றைக் கொண்டு, வாய் ஓயாத பிள்ளைக்குக் கற்பிப்பது எங்ஙனம்? இவ்வினாவோடு மல்லாடியவர் கதைதான் நாம் காணப்போவது.

அமெரிக்க நாட்டின் நியூயார்க்கு நகரில், 1966-ஆம் ஆண்டில், ஜோன் கான்ஸ் கூனி என்னும் அம்மையார் தம் இல்லத்தில் ஒரு விருந்து நடத்தினார். அவர் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் உருவாக்குபவர். விருந்துக்கு வந்தோருள் லாயிட் மாரிசெட் என்பவர் உளவியல் பயின்ற அறிஞர். கார்னகி அறநிலையத்தில் பணியாற்றி வந்தார். அவர் தம் மூன்று வயது மகளைப் பற்றிய செய்தி ஒன்றைக் கூறினார். விடியற்காலையில், நிகழ்ச்சி எதுவும் தொடங்குமுன், திரையில் அசைவின்றி நிற்கும் கோடுகளையும் வட்டங்களையும் அக்குழந்தை பார்த்துக்கொண்டே அமர்ந்திருப்பாளாம். விளம்பரப் பாட்டுகள் பலவற்றைச் சொல் பிறழாமல் பாடுவாளாம். இவ்வளவு ஈர்க்கும் கருவி ஏதேனும் நல்லதைக் கற்பிக்காதா என்பது தந்தையின் கேள்வி.

கூனி அம்மையார் அக்கேள்வியை விருந்தோடு விட்டுவிடவில்லை. பல ஊர்களுக்கும் சென்று, குழந்தைக் கல்வியில் வல்லாரைக் கண்டு பேசி, அறிக்கை ஒன்று வரைந்தார். அந்நாட்டுப் பிள்ளைகள் பீர் விளம்பரப் பாட்டுகளையும் மனப்பாடமாகப் பாடுவதை அவர் கண்டிருந்தார். அவற்றை அவர்களுக்குக் கற்பித்தவர் யார்? ஒருவரும் இல்லை. பாட்டு சுருக்கமானது, மெட்டு எளியது, நாள்தோறும் பலமுறை வருவது, அவ்வளவே. கள்ளை விற்கும் குரலால் கல்வியையும் வழங்கலாம் அன்றோ என்று எண்ணினார் அவர்.

1968-இல் இதற்கென ஓர் அமைப்பு நிறுவப்பெற்றது. அரசும் அறநிலையங்களும் சேர்ந்து ஏறத்தாழ 80 இலட்சம் டாலர் அளித்தன. 1969 நவம்பர் 10-ஆம் நாள் ‘செசமி ஸ்ட்ரீட்’ என்னும் தொடர் ஒளிபரப்பாயிற்று. செசமி என்பது எள். தெருவுக்கு எள்ளின் பெயரை ஏன் இட்டனர் என்று, எள் விளையும் விழுப்புரத்துப் பிள்ளைகள் வியக்கக்கூடும். அலிபாபா கதையில் குகையின் கதவைத் திறக்கும் மந்திரச் சொல் அது. 1956-இல் வெளிவந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ என்னும் தமிழ்த் திரைப்படத்தைக் கண்டோர் ‘சீசேம்’ என்ற ஒலியை மறந்திருக்கமாட்டார். அடைபட்ட கதவைத் திறக்கும் சொல்லாகவே அப்பெயர் தேர்ந்தெடுக்கப்பெற்றது.

முதல் ஆண்டில் மட்டும், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் ஓடும் 130 நிகழ்ச்சிகள் உருவாயின. விளம்பரத்தின் உத்தியை அவர்கள் வெளிப்படையாகவே கையாண்டனர். சவர்க்காரமோ பற்பசையோ நிகழ்ச்சியை வழங்குவதாகக் கூறுவதுபோல, இன்றைய நிகழ்ச்சியை வழங்குவது இன்ன எழுத்து, இன்ன எண் என்று கூறினர். முதல் நாள் நிகழ்ச்சியை ‘டபிள்யூ’, ‘எஸ்’, ‘ஈ’ ஆகிய மூன்று எழுத்துகளும், 2, 3 ஆகிய இரண்டு எண்களும் வழங்கின!

பிள்ளைக்கு எது பிடிக்கும் என்பதைப் பெரியவர் தாமே முடிவு செய்துகொள்வது உலக வழக்கம். இவர்கள் அவ்வாறு செய்யவில்லை. எட்வர்டு பால்மர் என்னும் ஆராய்ச்சியாளர் எளிய சோதனை ஒன்றை வகுத்தார. குழந்தையைத் தொலைக்காட்சியின் முன் அமர்த்தி, பக்கத்தில் வேறொரு சிறு திரையையும் வைத்தார். அச்சிறு திரையில் ஏழரை நொடிக்கு ஒரு முறை புதிய படம் ஒன்று தோன்றும். குழந்தையின் கண் எப்போது பெட்டியை விட்டுச் சிறு திரைக்குச் செல்கின்றது என்பதை ஒருவர் குறித்துக்கொண்டே இருப்பார். கண் விலகிய இடம் பாடம் தவறிய இடம். பள்ளிக்கூடத்து ஆசிரியருக்கு இச்சோதனை புதிதன்று. சன்னலுக்கு வெளியே காக்கை ஒன்று வந்து அமர்ந்தால் போதும், தம் பாடத்தின் தரத்தை அவர் அறிந்துகொள்வார்!

1969 கோடையில் பிலடெல்பியா நகரத்துப் பிள்ளைகளிடம் முன்னோட்டம் காட்டியபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. பாவைகள் தோன்றும்போது பிள்ளைகளின் கண் அசையவில்லை. தெருவில் மனிதர் மட்டும் நின்று பேசும்போது அது அலைந்தது. பாவைகளையும் மனிதரையும் ஒரே காட்சியில் கலந்தால் குழந்தைக்கு உண்மை எது, கற்பனை எது என்று விளங்காது எனக் கருதி, அறிஞர் சிலர் அதனை விலக்கியிருந்தனர். பிள்ளைகளின் கண்கள் அறிஞரை வென்றன. பாவை வல்லுநராகிய ஜிம் ஹென்சன், எட்டு அடிக்கு மேல் உயர்ந்த மஞ்சட் பறவை ஒன்றையும், குப்பைத் தொட்டியில் குடியிருக்கும் சிடுமூஞ்சி ஒன்றையும் படைத்து மனிதரோடு தெருவில் உலவவிட்டார். நம் தெருக்கூத்தைக் கண்டவர்க்கு இது வியப்பளிக்காது. புராண காலத்து மன்னன் முடிதரித்து நிற்கும் அரங்கிலேயே, கட்டியக்காரன் நம் ஊர்ப் பேச்சில் நம்மோடு பேசுகின்றான். இதனால் எந்தப் பிள்ளையும் மயங்கியதாகத் தெரியவில்லை.

இனி, இசைக்கு வருவோம். இத்தொடரின் இசைப் பொறுப்பை ஏற்றவர் ஜோ ரபோசோ என்பவர். அவர் இசை அலங்காரத்திற்காக ஒட்டப்பெற்றதன்று. பாடமே அதனுள் இருந்தது. திரையில் நான்கு பொருள்கள் காட்டப்பெறும். மூன்று ஓரினம், ஒன்று வேற்றினம். அவ்வேற்றினத்தைக் கண்டுபிடிக்குமாறு பாட்டு அழைக்கும். பாட்டு முடியுமுன் கண்டுபிடித்தல் வேண்டும். ஆகவே, பாட்டு ஒரு வினாவாகவும் ஆயிற்று. விடையிறுக்கத் தரப்பட்ட கால அளவாகவும் ஆயிற்று. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே பிள்ளை திரையை நோக்கிக் கூவுகின்றான். எழுத்தும் எண்ணும் மட்டுமா? 1970-இல், பச்சை நிறமாய்ப் பிறந்துவிட்டதற்கு வருந்தித் தேறும் ஒரு தவளைப் பாவைக்காக ரபோசோ இயற்றிய பாட்டு, தன் நிறத்தை எண்ணிக் குன்றும் பிள்ளைகளுக்கெல்லாம் ஆறுதலாயிற்று. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தெருவில் கூடி வாழ்வதாகக் காட்டிய இத்தொடரை, அவ்வாண்டிலேயே மிசிசிப்பி மாநிலத்துக் கல்வித் தொலைக்காட்சிக் குழுவினர் ஒளிபரப்ப மறுத்தனர் என்பதும் நினைக்கத்தக்கது. எதிர்ப்பு வலுக்கவே, சில வாரங்களில் அத்தடை நீங்கிற்று.

எனக்கு மிகவும் வியப்பூட்டுவது பிறிதொன்று. ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸ் என்னும் நடிகர் கனத்த குரல் உடையவர். அவரை ஆங்கில நெடுங்கணக்கை ஓதச் செய்து படம் பிடித்தனர். இருபத்தாறு எழுத்துகளை ஓத அவர் எடுத்துக்கொண்ட காலம் ஒன்றரை நிமிடம். ஓர் எழுத்துத் திரையில் தோன்றும். அவர் வாய் திறவாமல் நிற்பார். பின்பே அதன் பெயரைச் சொல்லுவார். இத்துணை மெதுவாகச் சென்றால் யார் பார்ப்பார் என்றே தோன்றும். நிகழ்ந்தது வேறு. முதன்முறை கேட்ட பிள்ளைகள் அவர் சொன்ன பின் சொன்னார்கள். சிலமுறை கேட்டபின், எழுத்துத் தோன்றியவுடனே அவரோடு போட்டியிட்டுச் சொன்னார்கள். இன்னும் சிலமுறை கேட்டபின், எழுத்துத் தோன்றுமுன்பே அதன் பெயரைக் கூவினார்கள். செவியில்லாத பெட்டி, கேட்பதுபோல நின்று காத்திருந்தது. அந்தச் சிறு மௌனத்தில் பிள்ளை தானாகவே கற்றுக்கொண்டான்.

இவ்வழி தமிழர்க்கு அயலானது அன்று. ஔவையாரின் ஆத்திசூடி, அகர வரிசையில் அடிதோறும் ஓரெழுத்தாக அமைந்தது. அறநூலாக மட்டும் நாம் அதனைப் போற்றுகின்றோம். அஃது ஒரு நெடுங்கணக்குப் பாட்டும் ஆகும். முதற்சொல்லை எடுத்துக் கொடுத்தால் போதும், எஞ்சியதைப் பிள்ளை முடிப்பான். திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை எண்சுவடி வாய்பாட்டை இராகத்தோடு முன்சொல்ல, ஏனையோர் பின்சொல்லுவர். தெருக்கூத்திலோ, ஆடுவோன் பாடும் அடியைப் பின்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுவர். எடுப்பதும் வாங்குவதுமாகிய இம்முறையில் வளர்ந்தது நம் கேள்விச் செல்வம். ஆயினும், திண்ணைப் பள்ளியின் திண்ணை எல்லாப் பிள்ளைகளுக்கும் இடந்தரவில்லை என்பதை மறைத்தல் தகாது. சேரிப் பிள்ளைக்கும், பெரும்பாலும் பெண் பிள்ளைக்கும், அவ்வோசை தெருவுக்கு அப்பாலிருந்து கேட்டதோடு சரி.

எல்லார் வீட்டிலும் ஒரே ஓசையை ஒலிக்கச் செய்யும் ஆற்றல் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் வாய்த்தது. நம் நாட்டில் 1975 ஆகஸ்டு 1 முதல் ஓராண்டுக் காலம், செயற்கைக்கோள் வழியே ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களில் கல்வி நிகழ்ச்சிகள் காட்டப்பெற்றன. காலை வேளை பள்ளிப் பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட்டது. அவ்வாறனுள் தமிழ்நாடு இல்லை. ஆனால், அதே ஆகஸ்டுத் திங்கள் 15-ஆம் நாள் சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிற்று. செசமித் தெருவும் 2006-இல் ‘கலி கலி சிம் சிம்’ என்னும் பெயரில் இந்தி மொழிக்கு வந்தது. பள்ளிச் சீருடை அணிந்த ஐந்து வயதுச் சிறுமியாக ‘சம்கி’ என்னும் பாவை அதில் இடம்பெற்றாள். தமிழிலோ, அழ. வள்ளியப்பா போன்ற குழந்தைக் கவிஞர் பாடிவைத்த பாட்டுச் செல்வம் மிகுதி. அதனை முழுமையாக எடுத்தாண்டு, எழுத்தும் எண்ணும் கற்பிக்கும் நெடுந்தொடர் ஒன்றை நம்மவர் அந்நாளிலேயே ஆக்கியிருந்தால் எத்துணை நன்றாயிருந்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

பாட்டும் பாவையும் எல்லாக் குறையையும் நிறைத்துவிட்டனவா? செசமித் தெருவை மிகுதியாகப் பார்த்த பிள்ளைகள் மிகுதியாகக் கற்றனர் என்று 1970-இல் முதல் ஆய்வு கூறிற்று. எல்லாரும் மகிழ்ந்தனர். 1975-இல் தாமஸ் குக் என்பவரும் அவர் துணைவரும் அவ்வாய்வுக் கணக்குகளை மீண்டும் புரட்டினர். முதல் ஆய்வில் பங்கு கொண்ட பிள்ளைகள் பலருடைய வீட்டிற்கு ஆய்வாளர் அடிக்கடி சென்று, “பார்த்தாயா? என்ன பார்த்தாய்?” என்று ஊக்கியிருந்தனர். அவ்வாறு எவரும் வந்து கேளாத பிள்ளைகள் பெற்ற பயன் குறைவாகவே இருந்தது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே நிகழ்ச்சியை மிகுதியாகப் பார்த்தனர் என்பதையும், ஆகவே இடைவெளி குறைவதற்கு மாறாக விரியவும் கூடும் என்பதையும் அவர்கள் சுட்டினர். தொடரை ஆக்கியோர்க்கு இது கசப்பான செய்தியே. எனினும், அதனுள் ஒரு மருந்தும் இருந்தது. பெட்டியின் அருகே, ‘என்ன பார்த்தாய்?’ என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். பெட்டிக்கு இல்லாத செவியை அவர் தருவார்.

மீண்டும் ஓய்மாநாட்டிற்கு வருவோம். எயிற்பட்டினம் எனக் கருதப்படும் மரக்காணத்தை அடுத்து, முதலியார்குப்பம் என்னும் ஊர் உள்ளது. 2021 அக்டோபர் 27-ஆம் நாள், ‘இல்லம் தேடிக் கல்வி’ என்னும் திட்டத்தைத் தமிழ்நாட்டு முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அங்கேதான் தொடங்கிவைத்தார். பெருந்தொற்றுக் காலத்தில் விட்டுப்போன படிப்பை ஈடுசெய்வது அதன் நோக்கம். மாலை வேளையில், பிள்ளைகள் வாழும் தெருவிலேயே, ஏறத்தாழ இருபது பிள்ளைகளுக்கு ஒருவராகத் தன்னார்வலர் அமர்ந்து கற்பித்தனர். அவருள் பெரும்பாலோர் அவ்வவ்வூர்ப் பெண்கள். மாதம் ஓராயிரம் ரூபாய் அவர்க்கு ஊக்கத்தொகை. திட்டத்தை மக்களுக்கு அறிவிக்கக் கலைக்குழுவினர் பறையொலியோடும் பாட்டோடும் ஊர் ஊராகச் சென்றனர். யாழ் இல்லை, மற்றபடி பழைய பாணர் சென்ற வழியேதான்! அடுத்த ஆண்டில் ‘எண்ணும் எழுத்தும்’ என்னும் திட்டத்தின் வாயிலாக, ஒன்று முதல் மூன்று வரையுள்ள வகுப்புகளிலும் பாட்டும் ஆட்டமும் பொம்மையும் பாடத்தின் பகுதிகளாயின.

முன்பு நாம் மனக்கண்ணாற் கண்ட சிறுமியை, அத்தகைய மாலை வகுப்பொன்றிற் கொண்டுபோய் அமர்த்துவோம். கோயில் திண்ணை ஒன்றில் இருபது பிள்ளைகள் வட்டமாக அமர்ந்திருக்கின்றனர். கல்லூரியில் பயிலும் அக்கா ஒருத்தி நடுவே நிற்கின்றாள். எழுத்துப் பாட்டை எடுக்கின்றாள், பிள்ளைகள் வாங்குகின்றனர். ஓரிடத்தில் அவள் வேண்டுமென்றே நிறுத்துகின்றாள். விட்ட எழுத்தைப் பத்தொன்பது பிள்ளைகள் கூவுகின்றனர். சிறுமி மட்டும் வாய் திறவாமல் இருக்கின்றாள்.

“உனக்குப் புரிந்ததா கண்ணு?” என்கிறாள் அக்கா.

“இல்லை அக்கா.”

அக்கா அவள் அருகே வந்து அமர்கின்றாள். பாட்டு முதலடியிலிருந்து மீண்டும் தொடங்குகின்றது. இம்முறை சற்று மெதுவாக.